பெயரில் இரண்டு ‘க’

ரயில் நகர்ந்துவிட்டது.

அவன் இன்னும் விழுப்புரம் நடைமேடையில்தான் நிற்கிறான். ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடை வாசலில். வடை சட்டியிலிருந்து சூடாக வர வேண்டுமாம் ஐயாவுக்கு.

அவனுடைய போன் அவள் பக்கத்தில், சார்ஜில்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

“என்னங்க.”

நான்கு பேர் திரும்பினார்கள். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர். பேப்பரும் கையுமாக நின்றவர். பெட்டி தூக்கிப் போனவர். நான்காவது ஆளுக்கு எண்பது வயதிருக்கும். ஆனாலும் பழக்கம் விடவில்லை.

அவன் மட்டும் திரும்பவில்லை.

“என்னங்க.”

உலகத்திலேயே அவளுக்கு மிகவும் பிடித்த வார்த்தை அது.

மற்றவர்கள் ஒரு வார்த்தையை அதன் பொருளுக்காக விரும்புவார்கள். அவளுக்கு அது கூப்பிட்டதும் வந்தால் போதும். ‘என்னங்க’ வந்துவிடும். வாயைத் திறந்தாலே வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ‘ஆமா’வும் அப்படித்தான். ‘அப்படியா’, ‘ஊஞ்சல்’, எல்லாம் நல்ல வார்த்தைகள், மானத்தை வாங்காதவை. அவள் வீட்டில் ஊஞ்சல் இருந்ததில்லை. இருந்தாலும் அந்த வார்த்தையின்மேல் ஒரு பிரியம்.

‘க’ அப்படியில்லை. ‘க’வில் தொடங்கும் எதுவும் தொண்டையிலேயே மாட்டிக்கொள்ளும். முட்டும், மோதும், வெளியே வராது. பள்ளிக்கூடத்தில் அதற்கென்றே அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதன்பிறகு அவள் ‘க’ பக்கமே போவதில்லை. காய்கறி வண்டிக்காரரிடம், “அது, ஊதாவா இருக்கே” என்பாள்.

“கத்தரிக்காயாம்மா?”

“ஆமா.”

இப்படியெல்லாம் தப்பித்துக்கொண்டு வந்தவளுக்கு வாய்த்தவன் பெயர் குகன். மூன்றே எழுத்து. அதில் இரண்டு அவளுக்கு ஆகாதவை.

பெண் பார்க்க வந்தபோது, “எங்க பொண்ணு அளந்துதான் பேசுவா” என்று சொல்லி அம்மா பேச்சை முடித்துவிட்டாள். பொய் என்று சொல்ல முடியாது.

கல்யாணமாகி மூன்று மாதம். இந்தக் காலத்திலும் புருஷன் பெயரைச் சொல்லாத மருமகள் கிடைத்தாள் என்று மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. சிநேகிதிகள் பழைய பஞ்சாங்கம் என்று கேலி செய்தார்கள். பெருமையும் கேலியும் அவளுக்கு ஒரே அளவு வசதியாக இருந்தன.

அவனுக்குத்தான் ஆசை. பெயர் சொல்லியே கூப்பிடேன் என்று ஒருநாள் கேட்டான். அவள் சிரித்துவைத்தாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டான், பாவம்.

தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்காத நாளில்லை. திட்டமாட்டான். ஆனால் பார்ப்பான். பள்ளிக்கூடத்தில் பார்த்தார்களே, அந்தப் பார்வை அவன் கண்ணிலும் வந்துவிட்டால் அவளால் தாங்க முடியாது. அவ்வளவு பிடித்திருந்தது அவனை.

ரயில் வேகம் பிடித்தது.

அவள் எழுந்து பெட்டியின் வாசலுக்கு ஓடினாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க.”

இந்த முறை வேறு இரண்டு பேர் திரும்பினார்கள்.

கடை பின்னால் போய்க்கொண்டிருந்தது. அவன் சட்டை சிறியதாகிக்கொண்டே வந்தது.

வேறு வழியில்லை.

“கு...”

மாட்டிக்கொண்டது.

“கு... கு... கு...”

வாசலருகே ஒரு தாயின் இடுப்பில் இருந்த குழந்தை, ரயில் விளையாட்டு என்று நினைத்து, தானும் “கூ” என்றது. நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். கழுத்து நரம்பு புடைத்து, வாய் ஒரு பக்கம் கோணி, கண்கள் இறுகி, தான் இப்போது எப்படி இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

நிறுத்தவில்லை.

“கு... கு...”

அவன் திரும்பினான்.

பெயரில் ஓர் எழுத்துதான் அதுவரை வந்திருந்தது. அத்தனை பெரிய நடைமேடையில் அதற்குத் திரும்பியவன் அவன் ஒருவன்தான்.

ஓடிவந்தான். வடையாவது ஒன்றாவது. யாரோ கை கொடுத்து உள்ளே இழுத்துப் போட்டார்கள். அவளுக்கோ ஆரம்பித்ததைப் பாதியில் விடத் தெரியாது. அவன் படியேறி, நிமிர்ந்து, அவளெதிரே மூச்சு வாங்க நின்ற பிறகுதான் “...கன்” வந்து சேர்ந்தது.

இருவரும் சீட்டுக்கு வந்தார்கள். அவள் ஜன்னலோரம் ஒடுங்கிக்கொண்டு வெளியே பார்த்தாள். வேலிக்காத்தான் புதர்களைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

கேட்பான். எத்தனை நாளாக இப்படி என்று கேட்பான். உங்கம்மா ஏன் சொல்லவில்லை என்பான். ஒன்றும் கேட்காமல் ஐயோ பாவம் என்று பார்த்தாலும் பார்ப்பான், அது இன்னும் மோசம். எதுவோ வரட்டும். ஆள் ரயிலில் இருக்கிறான்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தண்ணீர் குடித்தான். அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என் பேரு இவ்ளோ நீளமா? நல்லாத்தான் இருக்கு. இன்னொரு வாட்டி கூப்பிடு.”

கேலியா என்று திரும்பிப் பார்த்தாள்.

கேலிதான். ஆனால் பள்ளிக்கூடத்துக் கேலி இல்லை.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“கு...”

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டின்மேல் சம்மணம் போட்டு, வசதியாக உட்கார்ந்துகொண்டான்.