கால்வட்டம்

சந்தியாகுவின் பழைய காரில் ஸ்டியரிங்கைக் கால்வட்டம் திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகும். அதற்குள் ஒரு வெற்றிலையை மென்று துப்பிவிடலாம். அந்த ஆட்டம் நிற்கும்வரை ஏறமாட்டேன் என்று மனைவி லூர்தம்மாள் சொல்லிப் பதினோரு வருடம். அவளை ஏற்றாமல் சாவதில்லை என்று, ஓய்வு பெற்ற மறுநாளே அவர் காருக்கு அடியில் போய்ப் படுத்தார். இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, விரலால் ஆட்டிப் பார்த்தார். கிழவன் பல்லைப் போல ஆடியதையெல்லாம் வீசிவிட்டுப் லேத்தில் புதிதாகக் கடைந்து மாட்டினார். நான்காம் மாதம் மயிரிழை ஆட்டம்கூட இல்லை.

லூர்தம்மாள் பட்டுச்சேலை கட்டி வந்து முன்சீட்டில் அமர்ந்தாள். வாசலில் இடப்பக்கம் திரும்பும்போது, முப்பது வருடப் பழக்கத்தில் அவர் கைகள் அந்தக் கால்வட்டத்தையும் சேர்த்தே திருப்பின. கார் சொன்ன பேச்சைத் தட்டாமல் திரும்பி முருங்கை மரத்தில் முட்டி நின்றது. பானட் முழுக்கப் பூ.

"இன்னும் எதைங்க கழட்டணும்?"

சந்தியாகு இரண்டு கைகளையும் தூக்கி, மணிக்கட்டை ஆட்டிப் பார்த்தார்.

"இதத்தான்."

லூர்தம்மாள் இறங்கி, காரைச் சுற்றிவந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"தள்ளி உக்காருங்க. எனக்கு ஒரு பழக்கமும் இல்ல."