பித்தளை அளவுகோல்

மே மாதம் என் கணவன் டெல்பர்ட்டின் வலது கையில் ஏதோ ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டது. சிங்கி இறால் கூண்டைத் தூக்கும்போது கடலிலிருந்து ஏறியதாம். சுரண்டி எறியச் சொன்னேன்.

“அதுக்கு என் உடம்புச் சூடு வேணும், எனக்கு அதோட பலம் வேணும். நடுவுல உனக்கென்ன?” என்றான்.

ஜூலைக்குள் ஓடு தோள்வரை ஏறிவிட்டது. எண்ணூறு கூண்டுகளையும் இயந்திரம் இல்லாமல் ஒற்றைக் கையால் இழுத்தான். எங்கள் மெய்ன் மாநிலத் துறைமுகமே என்னைக் “குடுத்துவெச்சவ” என்றது. பக்கத்தில் படுத்துப் பார்த்தால் தெரியும், அவன் உடம்பே ஐஸ் பெட்டி.

மகள் நெட்டிக்குக் காய்ச்சல் கொதித்த அன்றும் கடலுக்குக் கிளம்பினான்.

“அவ சாகக் கிடந்தாலும் போவியாடா?”

“எவ?” என்றான்.

இன்று மதியம் சாப்பாட்டு மேசையில் பித்தளை அளவுகோலை எடுத்தான். சிங்கி இறாலைக் கண்குழியிலிருந்து முதுகோட்டின் முடிவுவரை அதில்தான் அளப்பார்கள். சின்னது என்றால் கடலில் விடவேண்டும். அளவு சரி என்றால் இரண்டு கொடுக்கிலும் ரப்பர் வளையம் மாட்டிப் பெட்டியில் போடலாம்.

நெட்டியைத் தூக்கி அளவுகோலை அவள் கண்ணோரம் வைத்துப் பார்த்தான். “சின்னது” என்று இறக்கிவிட்டான்.

நான் ரொட்டிக் கத்தியை எடுத்தேன். “இன்னொரு தடவை புள்ளையத் தொட்டே, வெட்டிப் போட்டுருவேன்.”

அவனுக்குக் கோபமே வரவில்லை. அளவுகோலை என் கண்ணோரம் வைத்தான். தலையாட்டினான். கத்தி பிடித்திருந்த என் கையைப் பற்றி மணிக்கட்டில் ரப்பர் வளையத்தை மாட்டினான். பிறகு மற்றக் கைக்காகப் பொறுமையாகக் காத்திருந்தான்.