குவாரி ஏரியில் முதலை

"எச்சரிக்கை! ஏரியில் முதலை உள்ளது. தண்ணீரில் இறங்காதீர்கள்."

கரையோரம் இருந்த பலகையை டீச்சர் இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"ஏங்க, இது பச்சைப் பொய்."

பைனாகுலரில் நாரை பார்த்துக்கொண்டிருந்த கணவர் திரும்பவில்லை. "பூங்காவுக்கு வந்தா பறவையைப் பாரு. போர்டை எதுக்குப் பார்க்கறே?"

டீச்சர் முப்பத்தொரு வருடம் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். இரக்கப்பட்டு யாருக்கும் அரை மார்க் கூடப் போட்டதில்லை.

பதினைந்து வருடத்துக்கு முன்பு வரை அந்த இடம் கருங்கல் குவாரி. கல் தீர்ந்தது, குழியில் மழைத்தண்ணீர் தேங்கியது. சுற்றிலும் மண் கொட்டி, மரம் நட்டு, நடைபாதை போட்டு, இயற்கைப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். பறவைகள் தாமாக வந்தன. முதலை எப்படி வரும்? பஸ் பிடித்தா?

வாட்ச்மேன் கொஞ்சம் தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"இந்த ஏரியில முதலை இருக்கா?"

"போர்டுல போட்டிருக்குங்கம்மா."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"என் டூட்டி நேரத்துல அது வெளிய வராதுங்க."

"என்ன முதலை? நன்னீர் முதலையா, உப்புநீர் முதலையா?"

வாட்ச்மேன் யோசித்தார். "சாதாரண முதலைதாங்க."

அப்போது ஒரு சின்னப் பெண்ணின் பந்து உருண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது. கரையிலிருந்து நாலடி தூரம்தான். அப்பா செருப்பைக் கழற்றினார். பலகையைப் பார்த்தார். செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"போனா போகுது கண்ணு, வேற வாங்கிக்கலாம்."

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "பார்த்தீங்களா? இயற்கையைத் தெரிஞ்சுக்க வர்ற இடத்துல குழந்தைக்குப் பொய்யைச் சொல்லி அனுப்பறாங்க!"

"பந்துதானே போச்சு, விடேன்" என்றார் கணவர்.

விடவில்லை. நேராகப் பூங்கா அலுவலகத்துக்குப் போய்ப் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, ஒன்றரைப் பக்கம் எழுதினார். பிழையே இல்லாத புகார்.

அதிகாரி முழுவதையும் படித்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"நம்ம ஆஃபீஸ்ல முதலைன்னு ஒரு ஃபைலே கிடையாதே. யாருய்யா அந்த போர்டை வச்சது?"

"நான்தான் சார்."

"யாரைக் கேட்டு?"

அதிகாரி புகார்ப் புத்தகத்தை மூடினார்.

"புகார் எழுத்துல வந்துடுச்சு. இனி நான் கண்ணை மூடிக்க முடியாது. அஞ்சு மணிக்குள்ள கழட்டிடு."

வாட்ச்மேன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நடந்தார். வேலை முடிகிறதா என்று பார்க்க டீச்சரும் பின்னாலேயே போனார். அவருக்குப் பின்னால் கணவர்.

நாலு போல்ட். பலகை கையோடு வந்தது. அதன் பின்னால் இன்னொரு பலகை, வெயிலில் வெளுத்துப்போய் நின்றது. 'ஆழமான பகுதி. இறங்காதீர்கள்.'

"இதோ! உண்மையான போர்டு இருக்கே!" என்றார் டீச்சர். "இது போதாதா?"

வாட்ச்மேன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இது ஆறு வருஷம் இருந்துச்சுங்கம்மா. ஒன்பது பேர் போயிட்டாங்க."

"எங்க போயிட்டாங்க?"

அவர் ஏரியைக் காட்டினார்.

"குவாரித் தண்ணிங்க. முதல் அடி கணுக்கால். ரெண்டாவது அடி முழங்கால். மூணாவது அடி வைக்கத் தரையே கிடையாது. நாப்பது அடி."

"அதான் ஆழம்னு எழுதியிருக்கே?"

"படிச்சுட்டுத்தாங்க இறங்குவாங்க. எவ்வளவு ஆழம்னு பார்க்கறேன்னு ஒருத்தர். கால் மட்டும் நனைச்சுக்கறேன்னு ஒருத்தர். கடைசியா ஒருத்தர் பொண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு, 'எனக்கு நீச்சல் தெரியும்'னு சொல்லிட்டு இறங்கினாரு."

"அப்புறம்?"

"அவருக்குத் தெரிஞ்சுதுங்க. பொண்ணுக்குத் தெரியல."

கணவர் பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றினார்.

"ஒன்பது பேரையும் நான்தான் மேல கொண்டாந்தேன்" என்றார் வாட்ச்மேன். "வேலி போடச் சொன்னேன். ஏரியோட அழகு போயிடும்னாங்க. அப்புறம்தான் இந்த முதலையை எழுதி மாட்டினேன். நாலு வருஷம் ஆச்சு. ஒருத்தரும் இறங்கல. அந்தப் பந்து மாதிரி ஒரு அம்பது அறுபது பந்து போயிருக்கும், அவ்வளவுதான்."

வாட்ச்மேன் முதலைப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"நில்லுங்க" என்றார் டீச்சர். "கழட்டின இடத்துலயே மாட்டுங்க."

"எழுத்துல வந்துடுச்சுன்னு சார் சொன்னாரே..."

"எழுதினது நான்தானே? மாட்டுங்க."

அதிகாரி மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் புகார்ப் புத்தகத்தை இழுத்துத் தன் பக்கத்தைத் தேடி எடுத்தார். கிழிக்கவில்லை, அடிக்கவும் இல்லை. கையெழுத்துக்குக் கீழே அதே மணிமணியான எழுத்தில் எழுதிவிட்டு, புத்தகத்தை அதிகாரி பக்கம் திருப்பி வைத்தார்.

"மேலே கண்ட புகார் தவறு. இன்று மாலை நாலேமுக்கால் மணிக்கு ஏரியில் முதலையை நானே நேரில் கண்டேன். குட்டிகளும் உள்ளன."