கழற்றி வைத்த வால்வு

சுடுதண்ணீர்க் குழாயை மாற்றிய அன்று குளியலறையில் இருந்தவர்கள்: பழைய கீசர், அதன் சேஃப்டி வால்வு, குழாயை வளைத்து இணைக்கும் புதிய எல்போக்கள் ஐந்து, ஆள் வைக்காமல் தானே வேலை பார்த்த வீட்டுக்காரர் சிங்காரவேலு.

புதுக் குழாய்க்கு இடைஞ்சலாக இருந்ததால் அவர் வால்வைக் கழற்றி ஜன்னலில் வைத்து, அது இருந்த துளையை மூடிபோட்டு அடைத்தார்.

"கொதி மிஞ்சினா ஆவியை வெளியே விடுறவன் அவன்தானே?" என்றது கீசர்.

"இத்தனை வருஷத்துல ஒருநாளாவது விட்டிருக்கானா, அண்ணே?" என்று ஓர் எல்போ கேட்டது. மற்றவை சிரித்தன.

கீசர் யோசித்துப் பார்த்தது. அப்படி ஒரு நாள் நினைவுக்கு வரவில்லை. அதுவும் சிரித்தது.

மார்கழியில், சூடு ஏறியதும் கீசரை நிறுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டது. தண்ணீர் கொதித்துக்கொண்டே போனது. கீசர் ஜன்னலைப் பார்த்து, "தம்பி" என்று கூப்பிட்டது. பிறகு வெடித்தது.

சிங்காரவேலு உடைசலைக் கூட்டி அள்ளினார். ஜன்னலில் வால்வைப் பார்த்தார்.

"நல்லவேளை, இதை மாட்டலை. இதுவும் போயிருக்கும்."

மிச்சம்: வால்வு ஒன்று.