மயில் அட்டை

கோட்டைக்குப்பத்தில் கால் வைத்ததிலிருந்து பாஸ்கரன் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவில்லை. எங்கு திரும்பினாலும் கருவாடு, நண்டு ஓடு, சேறு. அவர் தேடி வந்த வீட்டுக்காரி ஜெசிந்தா நீட்டிய டீயையும் வாங்கவில்லை.

"டம்ளர்ல மீன் வாடை அடிக்குதும்மா. எப்படித்தான் இதுல வாய் வைக்கிறீங்களோ."

அந்தக் காலத்தில் கோகோ டப்பாவுக்குள் இலவசமாக வந்த பட அட்டைகளைச் சேர்ப்பவர் அவர். மயில் மட்டும் கிடைக்காமல், சென்னையிலிருந்து இவள் வீடு வரை தேடி வந்திருந்தார்.

"மாமியார் நெறைய வச்சிருந்தாங்க சார். புள்ளைங்க வெளாடியே போயிடுச்சு" என்றாள் ஜெசிந்தா, தூளியை ஆட்டியபடி.

அதற்குள் அவர் பார்த்துவிட்டார். வாசலோரம், துடைப்பத்துக்குப் பக்கத்தில் மயில் அட்டை கிடந்தது. பாய்ந்து எடுத்தார்.

"ஐயோ, அத்த தொடாதீங்க சார்."

விவரம் தெரிந்துகொண்டு பதுக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தார். "இது எனக்கு வேணும்."

"கழுவியாவது தரேன், குடுங்க."

"தண்ணி பட்டா பாழாயிடும். இதோட அருமை உங்களுக்கு எங்க தெரியப்போவுது?"

அட்டையின் ஓரத்தில் பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. டப்பாவிலிருந்த கோகோவேதான். அசல் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? கைக்குட்டையை இறக்கி, கண்ணை மூடி, நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தார்.

ஜெசிந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாப்பா வெளிக்கிப் போனா அதாலதான் சார் வாரிப் போடறது. காலைலகூட வாரினேன்."

"தண்ணி... தண்ணி..."

"தரேன் சார். டம்ளர்ல மீன் வாடை அடிக்குமே, பரவால்லயா?"