நாரை ஏரி யாருக்கு?

ஏரி, குளம், பறவை விவரங்களுக்காக இரண்டு நகராட்சிகளும் கூட்டாக ஒரு மென்பொருள் எழுத வைத்தன. அது வந்த நாளிலிருந்து ஒரே சண்டை. அதில் எல்லையில் பதிவாகியிருக்கும் நாரை ஏரி யாருக்கு?

"நேர்ல போய்ப் பாத்தவன் நான். முழங்கால் வரைக்கும் சேறு!" என்றார் கிழக்கு ஆணையர்.

"நாரை முட்டைய எண்ணினதே எங்க ஆளுங்கதான்!" என்று எகிறினார் மேற்கு ஆணையர்.

மென்பொருள் எழுதியவள் வாயைத் திறந்தாள்.

"நீ சும்மா இரும்மா. ஏரியப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்று அடக்கினார் கிழக்கு ஆணையர்.

'தூ, பெரிய மனுஷங்க!' என்று மனசுக்குள் காறித் துப்பிவிட்டு எழுந்தாள்.

"சார், அப்படி ஒரு ஏரியே கிடையாது. மென்பொருளைச் சோதிச்சுப் பாக்க நானா போட்ட பேரு. இப்பவே அழிச்சிடறேன்."

கீரியும் பாம்புமாய் நின்றவர்கள் முதன்முறையாக ஒரே குரலில் அலறினார்கள்:

"ஐயோ, அழிச்சிடாதம்மா! போன மாசம்தான் தூர் வாரி முடிச்சோம்!"