பன்னிரண்டாயிரம் சம்பளக்காரன்

கவர் மெலிந்திருந்தது.

அவன் அதைப் பிரிக்காமலே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். பத்து வருடமாகச் சனிக்கிழமை சாயங்காலம் வாங்குகிற கவர். உள்ளே எவ்வளவு என்று விரலே சொல்லிவிடும்.

பிரித்தான். ஆறு ஐநூறு ரூபாய்த் தாள்கள்.

பதினான்கு இருக்க வேண்டும்.

லேத் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. தொட்டியடியில் ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவன் முதலாளியின் மேசைக்குத் திரும்பிப் போனான்.

"ஏனுங்ணா, கொறையுதுங்க."

சென்னியப்பன் தலையைத் தூக்கவில்லை. டீயில் படிந்த ஆடையை விரலால் எடுத்து மேசைக்காலில் தேய்த்தார்.

"மாசம் பன்னெண்டாயிரம். வாரத்துக்கு மூணு. சரியாத்தான இருக்குது?"

அவன் சிரித்தான். முதலாளி கேலி பேசுகிற ஆள்தான்.

அவர் சிரிக்கவில்லை.

போன வாரம்வரை அந்தப் பன்னிரண்டாயிரம் ஒரு தாளில் மட்டும்தான் இருந்தது. பட்டறை முத்திரை குத்திய சம்பளச் சான்று. அவன் கெஞ்சிக் கேட்டு, சென்னியப்பன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

குடும்ப நீதிமன்றத்தில் அதை வைத்துத்தான் நீதிபதி ஜீவனாம்சம் கணக்குப் போட்டார். மனைவி சுகந்தி தையல் வேலைக்குப் போகிறாள்; அவளுக்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டை நான்காக வகுத்தார். சம்பாதிக்கிறவனுக்கு இரண்டு பங்கு. அவனை நம்பியிருக்கும் தாய்க்கு ஒன்று. ஆறு வயது மகளுக்கு ஒன்று.

மகளுக்கு மாதம் மூவாயிரம்.

தாய் அவனை நம்பி இல்லை. தம்பி வீட்டில் சோறு தின்கிறாள். அவளுக்கு அவன் ஒரு வெற்றிலைக்கட்டு வாங்கிக் கொடுத்தும் வருடமாகிறது. அந்தப் பங்கும் அவனுக்குத்தான்.

சுகந்தி மட்டும் கூண்டில் நின்று சொன்னாள்.

"இருபத்தெட்டு வாங்குறாருங்க. சனிக்கெழமையானா ஏழாயிரம். நாந்தான் எண்ணி வெப்பேன்."

அத்தாட்சி உண்டா என்று கேட்டார்கள்.

கவரில் போட்டு ரொக்கமாகத் தருகிற சம்பளத்துக்கு ஏது அத்தாட்சி?

அவள் பொய் சொல்கிறாள் என்று அவன் சத்தியம் செய்தான். வெளியே வந்ததும் வக்கீலுக்கு மட்டன் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். மறுநாள் பட்டறையில் அந்தக் கதையை நடித்தே காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார்.

"அது கோர்ட்டுக்குச் சொன்னதுங்ணா."

"கோர்ட்டுக்கொரு கணக்கு, பட்டறைக்கொரு கணக்கு வெக்க எனக்கு ஆவாது தம்பி. நாளைக்கு சுகந்திப் புள்ளையோட வக்கீலு வந்து தோண்டுனா, உள்ள போறது நானா நீயா?"

"அப்ப நான் வேற பட்டறை பாத்துக்கறனுங்க."

"தாராளமாப் பாரு. போற எடத்துல கடைசியா என்ன வாங்குனேன்னு கேப்பாங்க. எனக்குத்தான் போன் போடுவாங்க." டீயை ஒரே மடக்கில் முடித்தார். "நான் கையெழுத்துப் போட்டதத்தான சொல்லோணும்?"

சான்று எழுதிக் கொடுத்தபோது இந்த ஆள் பைசா கேட்கவில்லை. ஏன் என்று இப்போது புரிந்தது.

அவன் தொட்டிப் பக்கம் திரும்பினான்.

"டேய், நான் என்ன வாங்கறேன்னு உங்களுக்குத் தெரியுமல்லடா?"

யாரும் நிமிரவில்லை. சோப்பு நுரையைப் பார்த்தபடியே ஒருவன் சொன்னான்.

"எங்களுக்கென்னப்பா தெரியும்? சத்தியம் பண்ணுனவன் நீ."

அவன் வெளியே வந்தான். சுவரோரம் இரும்புச் சுருள் குவிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் நின்று வாய்க்கு வந்தபடி எல்லோரையும் திட்டினான். முதலாளியை, வக்கீலை, நீதிபதியை. தன்னை விட்டுவிட்டான்.

அவன் சம்பளத்தை எண்ணிப் பார்த்த ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

கைபேசியில் தடுத்து வைத்திருந்த எண்ணை விடுவித்தான். அழைத்தான்.

முதலில் தையல் மெஷின் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் மூச்சு.

நடந்ததைச் சொன்னான். குரலை உயர்த்திச் சொன்னான். பிறகு தாழ்த்தி.

"நீ ஒருக்கா வந்து அந்தாள் மூஞ்சிக்கு நேரா சொல்லு. ஏழாயிரம் நீதான எண்ணுன?"

மெஷின் நின்றது.

சிரிப்பாள் என்று நினைத்தான். சிரித்திருந்தால் போனை வைத்துவிட்டிருப்பான்.

"சொல்றேன்" என்றாள். "பட்டறையில இல்ல. கோர்ட்டுல. நீங்களும் வாங்க. கூண்டுல ஏறி, இருபத்தெட்டுதான் வாங்குனேன்னு உங்க வாயால சொல்லுங்க. அடுத்து நான் சொல்றேன்."

இருபத்தெட்டை அவன் மனதுக்குள் நான்காக வகுத்தான்.

பாப்பாவுக்கு ஏழு.

தனக்கு மிஞ்சப்போகிற இருபத்தொன்றை அவன் கூட்டிப் பார்க்கவில்லை.

அவள் அவசரப்படவில்லை. அவள் பக்கத்தில் பாப்பா ஏதோ பாடத்தை ராகம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தது. என்ன வகுப்பு என்று அவனுக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றான்.

மெஷின் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது.